வாடகை சர்வர்ல டேட்டா: பூட்டு சரி, சாவி எங்க இருக்கு?

இந்த வாரம் ஒரு நேயர் அனுப்பின கேள்வி. மூணு கிளினிக்குக்கு பில்லிங் ஆப் செஞ்சு கொடுத்திருக்கார். மாச வாடகைக்கு ஒரு விபிஎஸ் எடுத்து, நோயாளிகளோட விவரத்தை எல்லாம் அதுல வெச்சிருக்கார். "டிஸ்க்கை முழுசா என்க்ரிப்ட் பண்ணிட்டேன். இனி ஹோஸ்டிங் கம்பெனியாலகூட பார்க்க முடியாதுன்னு டாக்டர்கிட்ட சொல்லலாமா?"

என் பதில்: அப்படிச் சொல்லாதீங்க. என்க்ரிப்ட் பண்ணினது நல்ல காரியம்தான். ஆனா அது காப்பாத்துறது வேற ஆபத்துலேர்ந்து.

லினக்ஸ்ல டிஸ்க்கைப் பூட்ட பெரும்பாலும் பயன்படுத்துறது லக்ஸ். இதுல நீங்க கொடுக்கிற பாஸ்பிரேஸ் நேரடியா டேட்டாவைப் பூட்டுறதில்ல. டேட்டாவைப் பூட்டுறது ஒரு மாஸ்டர் கீ. அந்தக் கீயை உங்க பாஸ்பிரேஸால பூட்டி, ஹெடர்ங்கிற பகுதியில வெச்சிருக்கும். சர்வர் ஆன் ஆகும்போது பாஸ்பிரேஸ் கொடுத்தா, மாஸ்டர் கீ வெளிய வந்து ரேம்ல உக்காந்துக்கும். சர்வர் ஓடுற வரைக்கும் அங்கதான் இருக்கும். அது இல்லாம டிஸ்க்லேர்ந்து ஒரு வரிகூட படிக்க முடியாது.

சரி, அந்த ரேம் யாரோடது? விபிஎஸ்ங்கிறது ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல ஓடுற பல விர்ச்சுவல் மெஷின்கள்ல ஒண்ணு. அடியில இருக்கிற ஹைப்பர்வைசர் கம்பெனியோட கையில. உங்க மெஷினோட ரேமை அப்படியே ஒரு ஃபைலா எடுத்து வைக்க அதால முடியும். 2008ல பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்கள், பவரை நிறுத்தின பிறகும் ரேம்லேர்ந்து கீயை எடுக்கலாம்னு காட்டினாங்க. அதுக்கு ரேமைக் குளிர வைக்கிற வேலையெல்லாம் இருந்தது. விபிஎஸ்ல அந்தச் சிரமமே இல்ல.

இன்னொண்ணு. உங்க ஆப்ல ஓட்டை கண்டுபிடிச்சு உள்ள வர்றவனுக்கும் டிஸ்க் திறந்துதான் இருக்கும்.

அப்போ லக்ஸால என்ன லாபம்? பழைய டிஸ்க்கைக் கழிச்சுக் கட்டும்போதும், டிஸ்க் ஸ்னாப்ஷாட் வேற யார் கையிலயாவது சிக்கும்போதும், அவங்களுக்குக் கிடைக்கிறது வெறும் குப்பை. அதுக்கே இது வேணும். ஆனா ரீபூட் ஆனா தானா திறக்கணும்னு கீ ஃபைலை அதே சர்வர்ல, பூட்டாத பகுதியில வெச்சா, அது சாவியைப் பூட்டுலயே தொங்க விடுற மாதிரி. டிராப்பியர் வழியா எஸ்எஸ்ஹெச்ல வந்து நீங்களே பாஸ்பிரேஸ் கொடுக்கிறது மேல்.

நான் எப்பவும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: இந்தத் தகவலை சர்வர் படிச்சே ஆகணுமா?

பேக்கப்பைப் படிக்கத் தேவையில்ல. அதனால அதை உங்க கம்ப்யூட்டர்லயே பூட்டி அனுப்புங்க. ரெஸ்டிக், ஆர்குளோனோட கிரிப்ட் வசதி ரெண்டும் இதைத்தான் செய்யுது. போய்ச் சேர்ற இடத்துல திறக்கிற பாஸ்வேர்டே கிடையாது. ஸ்கேன் ரிப்போர்ட், அடையாள அட்டை நகல் இதையெல்லாம் கிளினிக் கம்ப்யூட்டர்லயே பப்ளிக் கீயால பூட்டிடலாம். திறக்கிற பிரைவேட் கீ கிளினிக்லயே இருக்கட்டும். பில் தொகை, அப்பாயின்ட்மென்ட் நேரம் மாதிரி சர்வர் தேடிக் கூட்ட வேண்டியது மட்டும் திறந்திருக்கும். அதை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

ரேமையே என்க்ரிப்ட் பண்ற ஏஎம்டி எஸ்இவி மாதிரி வசதிகளும் இருக்கு. அங்க ஹோஸ்டிங் கம்பெனிக்குப் பதிலா சிப் கம்பெனியை நம்புறீங்க, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. லக்ஸ் ஹெடர் கெட்டுப்போனா, பாஸ்பிரேஸ் தெரிஞ்சாலும் டேட்டா திரும்பாது. ஹெடருக்கு ஒரு நகல் எடுத்து வேற இடத்துல வைங்க. ரெஸ்டிக் பாஸ்வேர்டைத் தொலைச்சாலும் அதே கதிதான். 2021 மார்ச்ல ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஹெச் டேட்டா சென்டர் தீப்பிடிச்சு எரிஞ்சது. பூட்டின டிஸ்க்கும் எரியத்தான் செய்யும். அதனால பேக்கப் வேற ஊர்ல இருக்கட்டும்.

இவ்வளவையும் செஞ்ச பிறகு டாக்டர்கிட்ட இப்படிச் சொல்லுங்க: "டிஸ்க் வெளிய போனா யாராலும் படிக்க முடியாது. பேக்கப்பையும் ரிப்போர்ட்டையும் ஹோஸ்டிங் கம்பெனியால திறக்க முடியாது. ஓடிட்டிருக்கிற டேட்டாபேஸை மட்டும் அவங்க நினைச்சா பார்க்கலாம். அதுல நாம வெச்சிருக்கிறது இவ்வளவுதான்." கேட்க கொஞ்சம் நீளம்தான். ஆனா நோயாளிகளோட தகவல் விஷயத்துல, காப்பாத்த முடியிற வாக்கை மட்டும் கொடுங்க.