கார்த்திகைக் காய்ச்சலும் ஒரு கருத்த பொருக்கும்

ஐப்பசி மழை ஒரு சுற்று பெய்து ஓய்ந்ததும் சங்கராபுரம் வட்டாரத்தில் வரப்பெல்லாம் புல் மண்டிவிடும். மாட்டுக்குப் புல் அறுப்பது, கரும்புக்குச் சோகை உரிப்பது, மரவள்ளிக்குக் களை எடுப்பது என்று ஆட்கள் நாள் முழுக்கப் பச்சைக்குள் நிற்கும் காலம் அது. மேற்கே கல்வராயன் மலையிலும் வீட்டுக்கும் காட்டுக்கும் இடையே புதர்தான் வேலி. அதே வாரங்களில்தான் காய்ச்சல்காரர்களின் வரிசையும் நீளும். டெங்குவா என்று பார்ப்பார்கள், இல்லை. மலேரியாவும் இல்லை. டைபாய்டாக இருக்கலாம் என்று ஊசி தொடங்கும். ஐந்தாம் நாளும் காய்ச்சல் இறங்காது, தலைவலி பிளக்கும், சிலருக்கு மூச்சு வாங்கும். ஒரே ஊரில் நாலைந்து பேருக்கு இப்படி ஆனால் மறுநாள் செய்தித்தாளில் ‘மர்மக் காய்ச்சல்’ என்று வந்துவிடும்.

இந்த மர்மத்தில் கணிசமான பகுதிக்கு மருத்துவத்தில் வெகுநாளாகவே விடை உண்டு: ஸ்க்ரப் டைபஸ். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். மாட்டு மடியில் ஒட்டிக்கொண்டு பருத்துத் தொங்குமே, அந்த உண்ணி இதற்குக் காரணமில்லை. இது மண்ணில் வாழும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், ஆறு கால். வளர்ந்த சிற்றுண்ணி எட்டுக் காலோடு மண்ணுக்குள் பூச்சி முட்டைகளைத் தின்று கிடக்கும், மனிதரை அது தீண்டாது. குஞ்சுப் பருவத்தில் ஒரே ஒரு தடவை மட்டும் அதற்கு உடம்புச் சாறு வேண்டும். வழக்கமாக எலியிடம் அதைப் பெற்றுக்கொள்ளும். எலிக்குப் பதில் நாம் அந்தப் புல்லில் உட்கார்ந்தால் நம்மிடம் ஏறிக்கொள்ளும். ஏறி, துணி இறுக்கும் இடம் தேடிப் போகும்: பாவாடை நாடா கட்டும் இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில். கடித்தது தெரியவே தெரியாது.

நோய்க்கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. தாய்ச் சிற்றுண்ணியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு அது இறங்குகிறது. ஆகவே எலியை ஒழித்தால் நோய் ஒழியும் என்ற கணக்கு இங்கே செல்லாது. கிருமி குடியிருப்பது சிற்றுண்ணியின் பரம்பரையில். அடர்ந்த காட்டைவிட, வெட்டி விட்டபின் மறுபடி முளைத்த புதர், வயலோரம், ஓடைக்கரை ஆகியவை அதற்கு வாகான இடங்கள். கல்வராயன் அடிவாரத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். கிருமி இரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களுக்குள் புகுந்து பெருகுவதால் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. அதனால்தான் ஒருவருக்கு நுரையீரலும் இன்னொருவருக்குக் கல்லீரலும் வேறொருவருக்குச் சிறுநீரகமோ மூளையோ பாதிக்கப்படுகிறது. செல்லுக்குள் ஒளிந்திருக்கும் இந்தக் கிருமியைப் பென்சிலின் குடும்ப மருந்துகளோ, காய்ச்சல் என்றதும் தாராளமாக ஏற்றப்படும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியோ ஒன்றும் செய்யாது. டாக்சிசைக்ளின் என்ற பழைய, மலிவான மாத்திரை செய்யும்.

எத்தனை பேருக்கு இந்த நோய் வருகிறது? மருத்துவமனைக் கணக்கை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, ஏனெனில் அங்கே வந்து சேர்ந்து, சோதனையும் செய்யப்பட்டவர்கள் மட்டுமே கணக்கில் ஏறுவார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கரோல் தேவமணியும் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் வுல்ஃப்-பீட்டர் ஷ்மித்தும் சகாக்களும் வேறு வழியில் போனார்கள். வட தமிழகத்தில் 37 கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, 32,279 பேரை 2020 ஆகஸ்ட் முதல் 2022 ஜூலை வரை வீடு வீடாகப் போய்த் தொடர்ந்து விசாரித்தார்கள். காய்ச்சல் வந்தவர்களிடம் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். முடிவுகள் 2025இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தன. ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 6 பேருக்கு ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். 5,000 பேர் வாழும் ஓர் ஊராட்சிக்கு இதே விகிதத்தைப் போட்டால் ஆண்டுக்கு 30 பேர். அந்த 30 பேரில் எத்தனை பேருடைய சீட்டில் இந்த நோயின் பெயர் எழுதப்பட்டிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

இந்த ஆய்வில் என்னைத் திகைக்க வைத்தது வேறொரு எண். காய்ச்சலே வராதவர்களிடமிருந்தும் ஒரு பகுதியினரின் இரத்தத்தை இடைவெளி விட்டுச் சோதித்ததில், ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 80 பேருக்கு மேல் புதிதாகக் கிருமி தொற்றியிருந்தது. தொற்றியவர்களில் சுமார் 8 விழுக்காட்டினர்தான் காய்ச்சலில் படுத்தார்கள். மற்றவர்கள் ஒன்றும் தெரியாமல் வயலுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். படுத்தவர்களிலோ 71 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது, 29 பேருக்கு நோய் முற்றியது, 5 பேர் இறந்தார்கள். அதாவது இது காட்டுக்குள் எங்கோ பதுங்கியிருக்கும் அபூர்வ நோயல்ல. கிராம வாழ்க்கையின் அன்றாடத்தில் கலந்துவிட்ட ஒன்று.

முற்றிய நிலையில் வருபவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதில்தான் அண்மைக்கால விவாதம் சூடாக இருந்தது. வேலூரின் ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் நடந்த ‘இன்ட்ரெஸ்ட்’ ஆய்வு 2023இல் அதே இதழில் வெளிவந்தது. கடுமையான ஸ்க்ரப் டைபஸ் கண்ட 794 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு டாக்சிசைக்ளின், அடுத்த பிரிவுக்கு அசித்ரோமைசின், மூன்றாவதற்கு இரண்டும் சேர்த்து. எல்லாமே இரத்தக் குழாய் வழியாக, ஏழு நாள். 28 நாளுக்குள் மரணம், ஏழாம் நாளும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளும் விடாத காய்ச்சல் ஆகிய மூன்றையும் ஒரே கணக்காகச் சேர்த்துப் பார்த்தார்கள். தனி மருந்து பெற்றவர்களில் 47, 48 விழுக்காட்டினருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தது. இரண்டும் பெற்றவர்களில் 33 விழுக்காடு. கிருமியின் புரதத் தொழிற்சாலையில் டாக்சிசைக்ளின் ஒரு பாகத்தையும் அசித்ரோமைசின் மறு பாகத்தையும் பிடித்து நிறுத்துகின்றன என்பது இதற்கான விளக்கம்.

ஆனால் மரணத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் மூன்று பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை, ஏறக்குறைய எட்டுப் பேருக்கு ஒருவர். கூட்டு மருந்தை ஏற்கத் தயங்கும் மருத்துவர்கள் இதைத்தான் சுட்டுகிறார்கள். காய்ச்சல் சீக்கிரம் இறங்குவதையும் உயிர் பிழைப்பதையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எனக்கு இதில் வேறொன்று தென்படுகிறது. கிராமங்களில் தேடிப்போய்க் கண்டுபிடித்தபோது நூற்றுக்கு ஒருவர் இருவர் இறந்த நோயில், தீவிர சிகிச்சைக்கு வந்து சேர்ந்தபின் எட்டுக்கு ஒருவர் போகிறார். அந்தக் கட்டத்தில் எவ்வளவு நல்ல மருந்தை எப்படிச் சேர்த்துக் கொடுத்தாலும் எல்லோரையும் மீட்க முடிவதில்லை. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கும் அதற்கு அப்பாலுள்ள மலை ஊர்களுக்கும் முதல் வாரத்தில் கைக்கெட்டுவது ஆரம்ப சுகாதார நிலையம். பந்தயம் அங்கேதான் முடிவாகிறது.

இந்த நோயை ஒருமுறை கண்டுபிடித்து, மறந்து, மீண்டும் கண்டுபிடித்திருக்கிறோம். இரண்டாம் உலகப்போரில் பர்மாக் காடுகளில் சிப்பாய்களை இது வீழ்த்தியது. 1944இல் இலங்கையின் எம்பிலிப்பிட்டியவில் காட்டுப் பயிற்சிக்கு வந்த படையினரிடையே பரவியது. 1948இல் கோலாலம்பூரில் ஜோசப் ஸ்மேடல் குழுவினர் குளோரம்பெனிகாலால் இதைக் குணமாக்கிக் காட்டினார்கள். பிறகு டெட்ராசைக்ளின் வந்தது. எந்தக் காய்ச்சலுக்கும் அதை எழுதிய காலத்தில், பெயர் தெரியாமலே இந்த நோயும் குணமாகியிருக்க வேண்டும் என்கிறார்கள் மூத்த மருத்துவர்கள். பின்னர் புதிய மருந்துகள் மோஸ்தரானபோது டெட்ராசைக்ளின் குடும்பம் ஓரங்கட்டப்பட்டது. 2001 அக்டோபர் முதல் 2002 பிப்ரவரி வரையான குளிர் மாதங்களில் வேலூரில் 28 நோயாளிகளைப் பதிவு செய்தபோதுதான் தமிழகம் திரும்பிப் பார்த்தது.

கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை உண்டு. ஐஜிஎம் எலைசா நல்ல சோதனைதான், ஆனால் முதல் சில நாட்களில் இல்லை என்று காட்டிவிடக்கூடும். பழைய வெயில்-ஃபெலிக்ஸ் சோதனை மலிவு, நம்பகம் குறைவு. இவற்றுக்கு முன்னால் செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது: துணியை விலக்கித் தேடுவது. கடித்த இடத்தில், பீடி நெருப்புச் சுட்டது போல வலியில்லாத கருத்த பொருக்கு ஒன்று இருக்கலாம். வேலூரில் நானூற்றுச் சொச்சம் நோயாளிகளைப் பார்த்ததில் பத்தில் நால்வரிடம் அது இருந்தது. ஆண்களுக்கு அக்குளிலும் தொடை இடுக்கிலும், பெண்களுக்கு மார்பிலும் வயிற்றிலும் அதிகம். வலிக்காததால் நோயாளி சொல்லமாட்டார். பெண்கள் காட்டக் கூசுவார்கள். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்கும் திரை இழுத்துப் பார்க்க நேரமிருக்காது. கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் தனியறையில் இரண்டு நிமிடம் செலவழித்தால் இந்தத் தடை பாதி விலகும். காய்ச்சலோடு போகிறவர்களும் “ரெண்டு வாரம் முன்னாடி புல்லறுக்கப் போனேன்” என்று கேட்காமலே சொல்லிவிடலாம்.

தடுப்பூசி இல்லை. கிருமியின் வகைகள் ஏராளம், ஒருமுறை வந்த எதிர்ப்பும் நிலைப்பதில்லை. முழுக்கை, முழுக்கால் உடை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பது, துணியை உடனே துவைப்பது, வெறும் புல்லில் படுக்காமலிருப்பது ஆகியவைதான் இப்போதைக்கு.

பொருக்கும் இல்லை, சோதனை முடிவும் வரவில்லை, காய்ச்சல் ஐந்தாம் நாளைத் தொட்டுவிட்டது என்றால்? எல்லாக் காய்ச்சலுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி எழுதும் பழக்கத்தை ஒழிக்கப் போராடும் காலத்தில், முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் தொடங்குவது சரியா என்று மருத்துவர்களிடையே இன்னும் இழுபறி. ஐப்பசி முதல் தை வரை, வயல்வேலை செய்யும் ஒருவருக்கு, தொடங்கிவிடுவதே மேல் என்பது என் கட்சி. கர்ப்பிணி என்றால் அசித்ரோமைசின். சந்தேகம் சரியாக இருந்தால் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு நாளில் இறங்கிவிடும். இறங்காவிட்டால் நோய் வேறாக இருக்கலாம், அல்லது முற்றத் தொடங்கியிருக்கலாம். அப்போது நோயாளியைக் கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு அனுப்பத் தாமதிக்கக் கூடாது.