பன்றிப் பூச்சியின் முட்டை: மலத்தில் அல்ல, மண்ணில்தான் முதிர்கிறது

இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துக்கு இரண்டு பன்றிக்குட்டிகள் பெரிய முதல். அவை நன்றாகத் தின்றும் வளராமல், இருமிக்கொண்டு, வயிறு மட்டும் ஊதி நிற்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். இதற்கு ஒரு முக்கிய காரணம் குடலில் வாழும் வட்டப்புழு. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது.

மலத்துடன் வெளிவரும் முட்டை உடனே தொற்றுவதில்லை. அதனுள் குடம்பி வளர ஈரம், காற்று, வெப்பம் மூன்றும் வேண்டும். 25 முதல் 30 பாகை செல்சியஸில் இதற்கு மூன்று, நான்கு கிழமைகள் செல்லும். தொற்றும் வலிமை முழுமையாக வர மேலும் சில கிழமைகள் ஆகலாம். 15 பாகைக்குக் கீழே வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால், கொழும்புக்கு வடக்கே ஜா-எல, நீர்கொழும்பு, வென்னப்புவ, சிலாபம் என நீளும் பன்றி வளர்ப்புப் பகுதியில் ஆண்டு முழுவதும் வெப்பம்தான். அங்கே முட்டை முதிராத மாதமே இல்லை.

முதிர்ந்த முட்டையைப் பன்றி விழுங்கினால், குடம்பி குடலில் வெளிவந்து ஈரலுக்கும் பின் நுரையீரலுக்கும் செல்லும். ஈரலில் வெண்புள்ளிகளும், குட்டியில் இருமலும் இதனால்தான். பின் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, மீண்டும் குடலை அடையும். 6 முதல் 8 கிழமைகளில் புதிய முட்டைகள் வெளிவரும்.

மனிதரும் தப்புவதில்லை. 1922இல் ஜப்பானிய ஆய்வாளர் கொய்னோ மனித வட்டப்புழுவின் 2,000 முட்டைகளை விழுங்கிக் காய்ச்சலுற்றார். தமது சளியிலேயே குடம்பிகளைக் கண்டார். அவரது தம்பி பன்றிப்புழுவின் 500 முட்டைகளை விழுங்கினார். பன்றிப்புழு மனிதக் குடலிலும் வளரக்கூடும் என்பது இன்று அறியப்பட்ட உண்மை.

நாம் செய்யக்கூடியவை:

1. மலத்தை நாள்தோறும் அள்ளுங்கள். முட்டை முதிரும் முன்பே அது கொட்டிலை விட்டுப் போய்விடும்.

2. குட்டி ஈனுமுன் மிருக வைத்தியரிடம் கேட்டுத் தாய்ப்பன்றிக்குப் பூச்சிமருந்து கொடுங்கள். பின் மடியையும் உடலையும் சவர்க்காரமிட்டுக் கழுவிச் சுத்தமான கொட்டிலில் விடுங்கள்.

3. சாதாரண கிருமிநாசினி முட்டையைக் கொல்லாது. சீமெந்துத் தரையைச் சுரண்டிக் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவிடுங்கள்.

4. பச்சை மலத்தைக் கீரைப் பாத்திக்கு இடாதீர்கள். வைக்கோலுடன் குவித்து, நன்றாகச் சூடேறவிட்டு, வெளிப்புறம் உள்ளே போகும்படி புரட்டி மக்கவையுங்கள்.

5. பிள்ளைகளைக் கொட்டிலருகே விளையாட விடாதீர்கள். உண்ணுமுன் கைகழுவப் பழக்குங்கள்.

ஈரமான நிழல் மண்ணில் இம்முட்டை பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். ஆகவே புதிய காணியில் குடியேறும்போது, முன்பு அங்கே பன்றி வளர்த்த இடம் எதுவென்று அயலாரிடம் கேட்டறியுங்கள். மருந்து கொடுத்தும் பூச்சி திரும்பி வந்தால், மருந்தைக் குறைகூறுமுன் நிலத்தைப் பாருங்கள்.