குதிரைக்குப் பதில் இயந்திர நாய்! கலங்காத நிலாவின் கதை

செஞ்சிச் சீமைக்காரர்களுக்கு ராஜா தேசிங்கின் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பனமலையில் பாட்டி சொன்னாலும், செஞ்சியில் கூத்துக்காரர் பாடினாலும் கதை ஒன்றுதான்.

தேசிங்குக்கு ஒரு குதிரை உண்டு. உயிர் கொடுக்க ஒரு தோழனும் உண்டு. 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி அவன் மாண்டான். செய்தி கேட்டு அவன் ராணி தீயில் இறங்கினாள். அத்தோடு அவள் கதை முடிந்தது.

புருஷனை இழந்த பெண் தீயில் இறங்காமல், "இதற்குக் காரணம் யார்?" என்று கேட்டுக்கொண்டு கிளம்பினால் எப்படி இருக்கும்?

அப்படி ஒரு கதை தமிழில் இருக்கிறது. பெயர், "என் இனிய இயந்திரா". எழுதியவர் சுஜாதா. 1980-களில் "ஆனந்த விகடன்" இதழில் தொடர்கதையாக வந்தது.

மனைவி பெயரில் எழுதியவர்

சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன். 1935-ல் பிறந்தார். வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் என்ஜினீயராக இருந்தார். மனைவியின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார். 2008-ல் காலமானார்.

ஜீவாவின் ஆட்சி

வருங்காலத்தில் நடப்பதாக எழுதிய கதை இது. நாட்டை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறான். எல்லாம் கம்ப்யூட்டர் மயம். குழந்தை பெறுவதற்குக்கூட சர்க்கார் அனுமதி தர வேண்டும்!

நிலா ஒரு சாதாரணக் குடும்பப் பெண். குழந்தைக்கு அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் இருக்கிறாள். அந்த நேரத்தில் கணவன் சிபி காணாமல் போகிறான்.

நிலாவிடம் வாள் இல்லை, படை இல்லை. வீட்டுக்குக் குடிவந்த ரவியின் இயந்திர நாய் ஜீனோதான் துணை. சொன்னதைச் செய்யும் பொம்மையாக வந்த ஜீனோ, போகப்போகத் தானே சிந்திக்கிறது. மனிதரைவிட நல்ல தோழனாகிறது.

எல்லோரும் நடுங்கும் ஜீவா யார்? அவன் மனிதனே அல்ல. வெறும் ஒளி உருவம்! இல்லாத ஒருவனுக்குத்தான் நாடே பயந்து கிடந்தது.

அப்புறமும் நிலாவுக்கு விடிவு இல்லை. கூட இருந்தவர்களே அவளை ராணியாக்கி, பொம்மைபோல் ஆட்டிவைக்கப் பார்க்கிறார்கள். அவள் எப்படி மீள்கிறாள் என்பதைச் சொல்வது அடுத்த பாகமான "மீண்டும் ஜீனோ".

ஆகாயத்தில் பெண்கள்

அயல்நாடுகளில் இன்னொரு வகைக் கதை உண்டு. கிரகம் விட்டுக் கிரகம் பாய்ந்து ராக்கெட்டில் சண்டை போடும் கதைகள். "ஸ்பேஸ் ஆபரா" என்று பெயர். தொடக்கத்தில் அவற்றில் வீரன் ஆண்தான். பெண் பெரும்பாலும் அவன் வந்து காப்பாற்றக் காத்திருப்பவள்.

கதையை முந்திக்கொண்டது நிஜம்! 1963-ல் ரஷ்யாவின் வாலன்டினா தெரஷ்கோவா தனியாக விண்வெளி சென்று, பூமியை 48 முறை சுற்றிவந்தார். அதற்குமுன் அவர் நெசவாலைத் தொழிலாளி.

2024 ஜூனில் சுனிதா வில்லியம்ஸ் சுமார் எட்டு நாள் பயணமாகப் போனார். விண்கலத்தில் கோளாறு. 286 நாள் கழித்து, 2025 மார்ச்சில்தான் பூமிக்குத் திரும்பினார். இடைப்பட்ட நாளிலும் கலங்கி உட்காரவில்லை. விண்வெளி நிலையத்தின் வேலைகளைப் பார்த்தார்.

நிலா ராக்கெட் ஏறவில்லை. ஆனால் அவளும் இந்த இனம்தான். அவளுக்கும் பயம் வருகிறது, அழுகையும் வருகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அடி வைக்கிறாள்.

வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெண் குழந்தை இருக்கிறதா? கொஞ்சம் வளர்ந்ததும் இந்தக் கதையைக் கையில் கொடுங்கள். துன்பம் வந்தால் பெண்ணின் கதை முடிந்துவிடாது; அங்கேதான் தொடங்கும் என்று அவள் தெரிந்துகொள்ளட்டும்!