முண்டு வற்றலைப் பெயர் சொல்லி விற்போம்

செட்டிநாட்டு ஆச்சிமார்களுக்கு மிளகாய் வற்றல் என்றால் ஒரே சரக்கு அல்ல. பொடிக்கு நீட்டு வற்றல். தாளிப்புக்குக் குண்டு வற்றல். இந்தக் குண்டு வற்றலைத்தான் மண்டி வழக்கில் 'முண்டு' என்கிறோம். உருண்டை வடிவம், தடித்த தோல், கருஞ்சிவப்பு நிறம், உலுக்கினால் விதை குலுங்கும் ஓசை ஆகியவை இதன் அடையாளம்.

இது நம் மண்ணின் சரக்கு. கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, பரமக்குடி வட்டாரங்களிலும் நம் மாவட்டத்து இளையான்குடிப் பக்கமும் மானாவாரியாக விளைகிறது. 1985 வரை சிவகங்கைச் சீமையும் இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது என்பதை மூத்த வணிகர்கள் அறிவார்கள்.

இப்படிப்பட்ட நாட்டு ரகம் அழிவது எப்படி? இறவையில் விளையும் நீட்டு ரகங்களும் வீரிய ஒட்டு ரகங்களும் கூடுதல் மகசூல் தருகின்றன. முண்டு வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுவது. மழை பொய்த்தாலும் நஷ்டம், அளவு மீறினாலும் நஷ்டம். அதற்கேற்ற விலை கிடைக்காவிட்டால் விவசாயி வேறு ரகத்திற்குப் போய்விடுவார். முண்டு விதை பெரும்பாலும் விவசாயிகளே எடுத்து வைப்பது. ஓரிரு ஆண்டுகள் விதைக்காமல் வீட்டில் கிடந்தால் முளைப்புத் திறன் குறைந்துவிடும். பக்கத்து வயலில் வேறு மிளகாய் இருந்தால் மகரந்தம் கலந்து குணமும் மாறும்.

கேட்டு வாங்குவோர் இருந்தால் ஒரு ரகம் பிழைக்கும் என்பதற்கு விருப்பாட்சி மலைவாழை சாட்சி. முடிக்கொத்து நோய் அந்த வாழையைப் பெருமளவு அழித்தது. திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகள் உருவாக்கப்பட்டன. பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு அந்தப் பழத்தைத்தான் தேடுகிறார்கள் என்பதால், பயிரிடுபவருக்குச் சந்தையும் இருந்தது.

இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. வேலூர் இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கும் அதே சமயம் கிடைத்தது. இது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, சென்னையில் உள்ள பதிவகம் வழங்கும் பாதுகாப்பு. பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேறு ஊர்ச் சரக்கை இந்தப் பெயரில் விற்பது குற்றம். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. அதே சட்டம் 'உற்பத்தியாளர்' என்ற சொல்லில் அந்தச் சரக்கை வாங்கி விற்கும் வணிகரையும் சேர்த்துள்ளது. ஆகவே நாமும் அங்கீகாரம் பெற்ற பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வழி உண்டு.

ஆனால் குறியீடு தானாக விற்பனை செய்யாது. சரக்கு கடைசியாக வாடிக்கையாளர் கைக்குப் போவது நம் கடையிலிருந்து. அங்கே கலந்துவிட்டால் அத்தனையும் வீண். அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. முண்டையும் மற்ற உருண்டை வற்றலையும் ஒரே சாக்கில் கொட்டக் கூடாது. தனி மூட்டை, தனி விலை, பெயர் எழுதிய அட்டை வேண்டும்.

2. கொள்முதல் பில்லில் ரகமும் ஊரும் குறிப்பிடும்படி மண்டியில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தவும். பின்னால் புகார் எழுந்தால், சரக்கு யாரிடமிருந்து வந்தது என்று காட்ட இதுவே ஆதாரம்.

3. மாசி முதல் சித்திரை வரை புது வரத்து. அப்போது நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து எடுக்கவும். கையில் அழுத்தினால் துவளும் வற்றலில் ஈரம் இருக்கிறது. பூஞ்சை பிடித்து நச்சாகும்.

4. எடைக்காகவோ, உடையாமல் இருக்கவோ தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும்.

5. மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கவும். காம்பைக் கிள்ளாமல் வைத்தால் விதை சிந்தாது.

முண்டுக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகச் சொன்னால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற அச்சம் பலருக்கு உண்டு. சுவை தெரிந்தவர் போகமாட்டார். தெரியாதவருக்குக் கால் கிலோ கொடுத்துத் தாளித்துப் பார்க்கச் சொல்லலாம். அந்தக் கூடுதல் விலையில் ஒரு பங்கு விளைவித்தவருக்குப் போனால்தான் அடுத்த புரட்டாசியில் அவர் அதே விதையை விதைப்பார். விதை போனபின் எந்த மண்டியிலும் அதை வாங்க முடியாது. ஆகவே வரும் மாசி வரத்தில் ஒரு மூட்டையாவது தனியாக எடுத்து, அதன் பெயரிலேயே விற்கும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.