பாத்தி நிறையக் களை: எங்கே தொடங்குவது?

மழை விட்டுப் பத்து நாள் கழித்துத் தோட்டத்துப் பக்கம் போனால், கத்தரிக்கன்று எது, களை எது என்று தேட வேண்டியிருக்கிறது. போன வாரம்தானே உட்கார்ந்து பிடுங்கினோம், அதற்குள்ளா என்று மலைப்பு வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாட்டில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் எல்லோருக்கும் நடப்பதுதான் இது. நீங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று வருந்த வேண்டாம். காரணம் மண்ணுக்குள் இருக்கிறது.

மண்ணுக்குள் அப்படி என்ன இருக்கிறது? பல வருடங்களாக உதிர்ந்த களை விதைகள் முளைக்காமல் உறங்கிக் கிடக்கின்றன. இதற்கு விதை வங்கி (மண்ணில் சேர்ந்துபோன விதைகளின் இருப்பு) என்று பெயர். எத்தனை காலம் உறங்கும்? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879-இல் களை விதைகளை ஈர மணலோடு கலந்து 20 பாட்டில்களில் போட்டுப் புதைத்துவைத்தார். அதில் ஒன்றை 2021-இல் எடுத்து விதைத்துப் பார்த்தபோது, 142 வருடம் கழித்தும் சில விதைகள் முளைத்தன. எல்லாக் களைக்கும் அவ்வளவு ஆயுள் கிடையாது. பெரும்பாலானவை சில வருடங்களில் செத்துப்போகும். புதிதாக விதை விழாமல் பார்த்துக்கொண்டால் இந்த இருப்பு வருடா வருடம் குறைந்துகொண்டே வரும் என்பதுதான் நமக்கு நல்ல செய்தி.

அப்படியானால் மண்ணை நன்றாகக் கொத்திப் புரட்டிவிட்டால் எல்லாம் அழியாதா? அழியாது, கூடும். சின்னச் சின்னக் களை விதைகளில் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் பட வேண்டும். ஆழத்தில் இருட்டில் கிடந்ததை மண்வெட்டி மேலே கொண்டுவந்து போடுகிறது. மேலே வந்ததும் ஈரமும் வெளிச்சமும் கிடைத்து ஒரே வாரத்தில் முளைத்துவிடுகிறது. நட்டு வளர்கிற பாத்தியில் ஆழமாகக் கொத்தாதீர்கள். ஓர் அங்குல ஆழத்துக்கு மேல்மண்ணைச் சுரண்டினால் போதும்.

சரி, இப்போது பாத்தி முழுக்கக் காடாகக் கிடக்கிறதே, முதலில் எதைச் செய்வது? பூத்த களையை முதலில் எடுங்கள். ஒரு மூலையில் தொடங்கி வரிசையாகப் பிடுங்கிக்கொண்டே போனால், பாதியில் களைத்துப்போவீர்கள். மறு பாதியில் நின்ற களை அடுத்த வாரம் விதையைக் கொட்டிவிடும். ஒரு களைச்செடியே ஆயிரக்கணக்கில் விதை போடக்கூடியது. முதல் நாள் தோட்டம் முழுக்க நடந்து, பூவும் காயும் உள்ளதை மட்டும் வேரோடு பிடுங்கியோ, முடியாவிட்டால் தலையை மட்டும் அறுத்தோ ஒரு சாக்கில் போட்டுக் கட்டிவிடுங்கள். அதை உரக்குழியில் போட வேண்டாம். மற்றதை நாலைந்து நாளாகப் பிரித்து எடுக்கலாம், அவசரமில்லை.

அடுத்து, உங்கள் பாத்தியில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். விதையால் மட்டும் பரவும் களை ஒரு வகை. சாரணை, குப்பைமேனி, குப்பைக்கீரை, அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி, நாயுருவி எல்லாம் இதில் சேரும். மண்ணுக்கடியில் கிழங்கோ தண்டோ வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வருவது இன்னொரு வகை. கோரையும் அருகம்புல்லும் இதில் சேரும். முதல் வகைக்குச் செய்யும் வேலையை இரண்டாவது வகைக்குச் செய்தால் உழைப்பு வீணாகும்.

விதைக் களைக்குப் பெரிய பாடு இல்லை. இரண்டு இலை, நான்கு இலைப் பருவத்தில் களைக்கொத்தால் மேலாகச் சுரண்டினால் தீர்ந்தது. இதற்கு வெயில் ஏறும் காலை நேரம் நல்லது, சுரண்டிப் போட்டது அங்கேயே காய்ந்துவிடும். வளர்ந்துவிட்ட செடியைப் பிடுங்குவதாக இருந்தால் மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது பிடுங்குங்கள். தக்காளி, மிளகாய்க் கன்றின் தூரை ஒட்டி முளைத்த களையை இழுக்காதீர்கள், கன்றின் வேரும் கூட வரும். கத்திரிக்கோலால் மண்மட்டத்தில் நறுக்கிவிடுங்கள். பருப்புக்கீரை போன்ற சதைப்பற்றுள்ள செடியைப் பிடுங்கிப் பாத்தியிலேயே போடக் கூடாது. துண்டு துண்டாகக் கிடந்தாலும் ஈரம் பட்டால் வேர் விட்டுக்கொள்ளும்.

அருகம்புல் மண்ணுக்கு மேலும் கீழும் ஓடும், ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். ஓடிய தண்டைப் பிடித்துக்கொண்டே போய் முழுசாக உருவியெடுக்க வேண்டும். வெளியிலிருந்து மறுபடி நுழையாமல் இருக்கப் பாத்தியின் ஓரத்தில் அரையடி ஆழத்துக்கு ஓடோ செங்கலோ செங்குத்தாகப் பதித்து வையுங்கள்.

இனி கோரைக்கு வருவோம். வீட்டுத் தோட்டக்காரர்கள் அதிகம் மனம் விட்டுப்போவது இதனிடம்தான். உலகிலேயே மிக மோசமான களை என்று களை ஆய்வாளர்கள் இதைத்தான் முதலிடத்தில் வைத்தார்கள். பத்தமடைப் பாய்க்கு எடுக்கும் கோரை வேறு இனம், அது ஆற்றோரத்தில் உயரமாக வளர்வது. நம் பாத்தியில் வருவது குட்டைக் கோரை. நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்குக் கேட்டு வாங்கும் கோரைக்கிழங்கு இதன் கிழங்குதான். புல்லா கோரையா என்று சந்தேகம் வந்தால், பூத்தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். கோரைத் தண்டு மூன்று பட்டையாக இருக்கும், உருளாமல் தட்டும்.

பிடுங்கப் பிடுங்க அது ஏன் வருகிறது? நீங்கள் பிடுங்கும்போது மேலே உள்ள தழை மட்டும் கையோடு வருகிறது. கீழே கறுப்பு நிறத்தில் சிறு கிழங்குகள் ஒன்றோடொன்று நூல் போன்ற தண்டால் கோத்து, மாலை மாதிரி கிடக்கின்றன. பெரும்பாலானவை அரையடி ஆழத்துக்குள்தான் இருக்கும். மாலை அறுபடாமல் இருக்கும்வரை அதில் சில கிழங்குகள் மட்டும் முளைக்கும், மற்றவை அடங்கிக் கிடக்கும். மாலையை அறுத்துவிட்டால் அடங்கிக் கிடந்தவையும் தனித்தனியாக முளைக்கத் தொடங்கும்.

இது தெரியாமல் நான் ஒரு கார்த்திகையில், இரண்டு மழைக்கு நடுவே, வெண்டைப் பாத்தியை மண்வெட்டியால் கொத்திக் கோரையை எல்லாம் வாரிப் போட்டேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது. மூன்றாவது வாரம், முன்பு பத்து இருந்த இடத்தில் முப்பது நின்றது. அந்தப் பருவம் வெண்டையே எடுக்க முடியவில்லை. ஈர மண்ணில் கோரையை வெட்டுவது அதை நடவு செய்வதற்குச் சமம் என்று அப்போது புரிந்தது.

பிறகு எப்படித்தான் ஒழிப்பது? இரண்டு வழியைச் சேர்த்துச் செய்ய வேண்டும். முதல் வழி, பட்டினி போடுவது. கிழங்கு ஒவ்வொரு முறை தழை விடும்போதும் தன்னிடம் சேர்த்துவைத்த மாவைச் செலவழிக்கிறது. தழை வெயிலில் நின்று உணவு தயாரித்தால்தான் அந்தச் செலவு ஈடாகும், புதுக் கிழங்கும் கட்டும். ஈடாவதற்கு முன்பே தழையை எடுத்துக்கொண்டே இருந்தால் கிழங்கு வற்றிப்போகும். பத்து நாள், அதிகம் போனால் இரண்டு வாரம், அதற்கு ஒருமுறை தவறாமல் எடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் பயனில்லை, அதற்குள் அது புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவது வழி, காய வைப்பது. கோரைக் கிழங்கு வறட்சி தாங்காது. சித்திரை, வைகாசியில் பாத்தி காலியாக இருக்கும்போது தண்ணீரை நிறுத்தி, மண் நன்றாகக் காய்ந்த பிறகு அரையடி ஆழம் கொத்திப் புரட்டிப் போடுங்கள். கட்டியை உடைக்க வேண்டாம், வாரம் ஒருமுறை திருப்பி மட்டும் விடுங்கள். மேலே வந்த கிழங்குகள் வெயிலில் சுருங்கிச் செத்துவிடும். நம் விவசாயிகள் கோடை உழவு உழுவதற்கு இதுவும் ஒரு காரணம். மழையில் கொத்தினால் கோரை பெருகுகிறது, கோடையில் கொத்தினால் சாகிறது. பொறுக்கியெடுத்த கிழங்கை மாடியில், சிமெண்டுத் தரையில் இரண்டு வாரம் காய வைத்த பிறகுதான் தூக்கிப் போட வேண்டும்.

நிழலும் கோரைக்கு ஆகாது. கோரை மண்டிய பாத்தியில் ஒரு பருவத்துக்குத் தட்டைப்பயறோ சர்க்கரைவள்ளியோ நெருக்கமாகப் போட்டுத் தரையை மூட விடுங்கள். கொடி படரும் வரை, முதல் ஒரு மாதம், நீங்கள் களையெடுத்துத் தர வேண்டும். அதற்குப் பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும். இதையெல்லாம் செய்தால் ஒரே வருடத்தில் போய்விடுமா என்றால், போகாது. குறையும். இரண்டு கோடை தொடர்ந்து செய்தவர்களுக்குத்தான் பாத்தி கைக்கு வரும்.

விதையால் முளைக்கும் களைக்கெல்லாம் பொதுவாக ஒன்று செய்ய வேண்டும் என்றால், நான் சொல்வது மூடாக்கு (மண் வெளியே தெரியாதபடி சருகு, வைக்கோல் போன்றவற்றால் மூடுவது). திறந்து கிடக்கும் மண்ணில்தான் களை விதைக்கு வெளிச்சம் கிடைக்கிறது. மூடாக்கு அந்த வெளிச்சத்தை மறைக்கும், ஈரத்தைக் காக்கும், மக்கினால் உரமாகும். காய்ந்த இலை, கரும்புச் சோகை, நறுக்கிய தென்னை ஓலை, கடலைத் தோல் என்று கையில் கிடைப்பதைப் போடுங்கள். மூன்று அங்குலக் கனமாவது வேண்டும். மெல்லிசாகத் தூவினால் களை அதைத் தாண்டி வந்துவிடும். செடியின் தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டுப் போடுங்கள், ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும்.

மூடாக்கு போட்டால் கறையான் வராதா? வரும் இடங்கள் உண்டு. பொதுவாக அது காய்ந்த சருகைத் தின்னத்தான் வருகிறது. ஆனால் நட்ட புதிதில் கன்று வாடினால் அதையும் தொடும். கறையான் உள்ள மண்ணில் கன்று பிடித்த பிறகு மூடாக்கு போடுங்கள், அட்டைப்பெட்டி அட்டையைத் தவிர்த்துவிடுங்கள். அடைமழைக் காலத்தில் நத்தை அதிகம் வந்தால், மூடாக்கை ஒரு வாரம் பாத்தியின் ஓரமாக ஒதுக்கி வையுங்கள். அதற்கடியில் ஒளியும் நத்தைகளைக் காலையில் பொறுக்கிவிடலாம். வைக்கோல் போடுகிறவர்கள் உதறிப் போடுங்கள், அதில் புல் விதையும் நெல்லும் இருக்கும்.

களையை நாமே காசு கொடுத்து வாங்கிவருவதும் உண்டு. மக்காத சாணத்தில் மாடு தின்ற புல்லின் விதை உயிரோடு இருக்கும். ஆகவே நன்றாக மக்கி, மண் வாசனை வந்த எருவையே போடுங்கள். லோடு அடித்த செம்மண்ணில் கோரைக் கிழங்கு வரும். நர்சரியில் வாங்கும் கன்றின் பையிலும் ஓரமாக இரண்டு கோரை நிற்கும். நடுவதற்கு முன் பையைக் கிழித்து, வேர்மண்ணில் கறுப்புக் கிழங்கு இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். புதுப் பாத்திக்குக் கோரை வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ஆடிப்பட்டத்துக்கு விதைக்கப் போகிறீர்கள் என்றால், மூன்று வாரம் முன்னதாகவே பாத்தியைத் தயார் செய்து, விதைக்காமல் தண்ணீர் மட்டும் விடுங்கள். மேல்மண்ணில் உள்ள களை எல்லாம் முளைக்கும். மேலாகச் சுரண்டிவிட்டு, இன்னொரு முறை தண்ணீர் விட்டு, மறுபடி சுரண்டிவிட்டு அதன் பிறகு விதையுங்கள். விதைத்த முதல் 30, 40 நாள் களையில்லாமல் பார்த்துக்கொண்டால் போதும், பிறகு வெண்டையும் அவரையும் தம் நிழலால் மூடிக்கொள்ளும். கோடையில் பாத்தி காலியாக இருந்தால் மண்ணை நனைத்து, கண்ணாடி போன்ற பாலிதீன் விரிப்பால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து ஐந்தாறு வாரம் விடலாம். கறுப்பு விரிப்பைவிட இதில்தான் மண் அதிகம் சுடும், மேலே கிடக்கும் விதைகள் வெந்துபோகும். கோரையை மட்டும் இதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, மருந்து அடித்தால் என்ன? கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு இந்தியாவில் தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத நிலத்துக்கும் மட்டுமே அனுமதி இருந்தது. 2022 அக்டோபரில், பூச்சி ஒழிப்புத் தொழில் செய்வோர் தவிர மற்றவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட்டது. களை, கத்தரி என்று அது பார்க்காது, பட்ட பச்சையை எல்லாம் கருக்கும். பிள்ளைகள் விளையாடும் கொல்லையில், நாம் பறித்துச் சாப்பிடும் கீரைக்குப் பக்கத்தில் அது வேண்டாம் என்பதே என் முடிவு. உப்பும் வினிகரும் கலந்து ஊற்றச் சொல்வார்கள். வினிகர் இலையைத்தான் எரிக்கும், கிழங்கைத் தொடாது. உப்பு மண்ணிலேயே தங்கிவிடும், அடுத்து நீங்கள் நடும் செடியும் வராது.

பார்த்தீனியத்தை மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள். கேரட் இலை போல வெட்டுப்பட்ட இலையும் சின்ன வெள்ளைப் பூவுமாக நிற்கும். தோலில் அரிப்பும் கொப்புளமும் வரும், சிலருக்கு மூச்சுத் திணறலும் வரும். கையுறை போட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பூக்கும் முன்பே பிடுங்குங்கள். மாவுப்பூச்சியும் இதில் தங்கிப் பெருகிப் பக்கத்துச் செடிகளுக்குப் போகும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விட வேண்டாம்.

பிடுங்கியதில் சாப்பிடக்கூடியதும் இருக்கிறதே? இருக்கிறது. குப்பைக்கீரை, பருப்புக்கீரை, பண்ணைக்கீரை, முடக்கத்தான், மணத்தக்காளி எல்லாம் தானாக வருபவைதான், இளசாக இருக்கும்போது பறித்துச் சமைக்கலாம். பருப்புக்கீரையோடு சாரணையைக் குழப்பிக்கொள்வது எளிது, இரண்டும் தரையோடு படரும். பருப்புக்கீரைப் பூ மஞ்சள், சாரணைப் பூ வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். முதல் தடவை பறிக்கும்போது கீரை தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டிவிட்டு உலையில் போடுங்கள்.