ஊர்த் திருவிழா மிட்டாய் வீட்டிலேயே!

பெங்களூர் பசவனகுடியில் கார்த்திகைக் கடைசித் திங்களன்று கடலைக்காய்ப் பரிஷெ கூடுகிறது. அந்தக் கடைத்தெருவில் நிற்கும் நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஊர்க் கொடையும் சீனி மிட்டாயும் ஞாபகம் வரும். ஊருக்குப் போக லீவு கிடைக்காதவர்கள் அதை வீட்டிலேயே சுடலாம்.

ஓர் ஆழாக்கு இட்லி அரிசிக்குக் கால் ஆழாக்கு உளுந்து. ஊறவைத்து, கெட்டியாக, மைய ஆட்ட வேண்டும். புளிக்க வைக்க வேண்டியதில்லை. ஆகவே பெங்களூர்க் குளிர் இடைஞ்சல் இல்லை. திப்பி இருந்தால் எண்ணெயில் வெடித்துத் தெறிக்கும். குழந்தைகளை அடுப்பருகே விடாதீர்கள்.

துளையிட்ட துணியில் மாவை வைத்து, மிதமான சூட்டில் காய்ந்த எண்ணெயில் வளையமாகப் பிழியுங்கள். வெந்ததும் பிசுக்குப் பதத்திலுள்ள வெதுவெதுப்பான சீனிப் பாகில் முக்கி எடுங்கள்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஊர்த் திருவிழாவின் ருசியாவது தெரியட்டும்.