லொறியின் ஒயில் கூலர் கசிவும் அதனைத் திருத்தும் முறையும்

பெரும்போக அறுவடை நடைபெறும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வரிப்பத்தான்சேனை, இறக்காமம் வட்டைகளிலிருந்து நெல் ஏற்றும் லொறி ஒருநாள் நின்றுவிடின், அதனால் விளையும் நட்டம் லொறிக்காரரோடு முடிவதில்லை. வெட்டும் இயந்திரத்திலிருந்து வரும் நெல் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரப்பதன் உடையதாய் இருப்பதுண்டு. களஞ்சியப்படுத்தும் நெல்லிலோ அது 14 பங்குக்கு மேற்படலாகாது. ஈரநெல்லை மூட்டைகளாய் அடுக்கி வைத்தால் உள்ளே வெப்பம் ஏறும்; மணி நிறம் மாறும்; மழையும் பெய்தால் முளைகட்டும். மரக்கறி ஏற்றிய லொறி மகியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவு ஏற்றத்தில் நின்றுவிட்டால், கத்தரியும் வெண்டியும் சந்தையைக் காணுமுன் வாடிப்போகும்.

இவ்வாறு லொறியை நடுவழியில் நிறுத்தும் பழுதுகளுள் ஒயில் கூலர் கசிவும் ஒன்றாகும. தொடக்கத்திற் கண்டுகொண்டால் இரண்டு கஸ்கட்டுகளோடு தீரக்கூடிய இப்பழுது, கவனியாது விடப்பட்டால் எஞ்சினையே அழித்துவிடும். ஆதலால் சொந்தமாக லொறி வைத்திருக்கும் கமக்காரரும், வாடகைக்கு அமர்த்துவோரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

கூலரின் வேலை

எஞ்சின் ஒயில் உராய்வைக் குறைப்பதோடு உள்ளுறுப்புகளின் சூட்டையும் வாங்கிக்கொள்கின்றது. பாரமேற்றி மலையேறும்போது அச்சூடு மிகும். மிகச் சூடான ஒயில் தண்ணீர்போல் இளகி, பெயரிங்குகளைக் காக்கும் வலுவை இழக்கும். இதனைத் தடுக்கவே ஒயில் கூலர் அமைக்கப்பட்டுள்ளது. மெல்லிய உலோகத் தகடுகளை அடுக்கிச் செய்த இக்கருவியின் உள்ளே ஒயில் ஓடும். வெளியே றேடியேற்றர்த் தண்ணீர் ஓடும். சூடு தகட்டின் வழியே தண்ணீருக்குச் செல்லும். ஒயிலும் தண்ணீரும் ஒன்றையொன்று தொடுதல் கூடாது.

டாட்டா 1613 லொறிகள் பலவற்றிலுள்ள 6 சிலிண்டர், 5.9 லீற்றர் கம்மின்ஸ் எஞ்சினை உதாரணமாகக் கொள்வோம். இதில் கூலர் எஞ்சினின் பக்கவாட்டிலுள்ள குழியொன்றில் பொருந்தியிருக்கும். அதன்மேல் ஒயில் பில்டரைத் தாங்கும் மூடி அமைந்திருக்கும். எஞ்சினுக்கும் கூலருக்கும் இடையே ஒரு கஸ்கட்டும், கூலருக்கும் மூடிக்கும் இடையே மற்றொரு கஸ்கட்டும் உண்டு. வேறு எஞ்சின்களில் அமைப்பு சற்று மாறுபடினும் தத்துவம் ஒன்றே.

கசிவு இருவகைப்படும்

முதலாவது, வெளிக்கசிவு. கஸ்கட் காய்ந்து வெடிப்பதால் ஒயிலோ தண்ணீரோ எஞ்சினின் புறத்தே வடியும். இது கண்ணுக்குத் தெரியும். ஒயில் மட்டம் குறையும்.

இரண்டாவது, உட்கசிவு. கூலரின் தகடு ஓட்டையாவதாலோ கஸ்கட்டின் உள்விளிம்பு கிழிவதாலோ ஒயிலும் தண்ணீரும் கலக்கும். வெளியே ஒரு துளியும் வடியாதிருக்கலாம். இதுவே கொடியது. எஞ்சின் ஓடும்போது ஒயிலின் அழுத்தம் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 இறாத்தல் வரை இருக்கும். தண்ணீரின் அழுத்தமோ ஏறத்தாழ 15 இறாத்தலுக்கு உட்பட்டது. ஆகவே ஓடும்போது ஒயில் தண்ணீருக்குள் புகும். எஞ்சினை நிறுத்தியவுடன் ஒயிலின் அழுத்தம் இல்லாது போகும். சூடான தண்ணீரின் அழுத்தமோ சிறிது நேரம் நிலைத்திருக்கும். அப்பொழுது தண்ணீர் ஒயிலுக்குள் புகும். "லொறி நன்றாக ஓடிற்று, இரவு நிறுத்திக் காலையிற் பார்த்தால் ஒயில் மட்டம் உயர்ந்திருக்கின்றது" என்று சாரதி கூறின், மகிழ்ச்சியடைதல் வேண்டாம். உயர்ந்தது தண்ணீராய் இருக்கலாம். தண்ணீர் கலந்த ஒயிலோடு ஓடும் எஞ்சினின் பெயரிங்குகள் விரைவில் தேய்ந்துவிடும்.

கண்டறியும் முறை

எஞ்சினின் பக்கத்தை நன்கு கழுவித் துடைத்து உலரவிடுக. பின்னர் எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டு, மின்விளக்கின் உதவியுடன் பார்வையிடுக. கீழே சொட்டும் இடத்தை அன்றி, நனைந்துள்ள இடங்களுள் மிக மேலானதைத் தேடுதல் வேண்டும். மேலேயுள்ள வால்வு மூடியிலிருந்து வழியும் ஒயிலைக் கூலரின் கசிவெனத் தவறாகக் கொண்டு வீண் செலவு செய்தோர் பலர்.

ஒயில் அளவுகோலை இழுத்துப் பார்க்குக. ஒயில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருப்பின் தண்ணீர் கலந்துள்ளது. எஞ்சின் முற்றாக ஆறியபின் றேடியேற்றர் மூடியைத் திறந்து பார்க்குக. கபில நிறக் கூழ் படிந்திருப்பின் ஒயில் கலந்துள்ளது. சூடாயிருக்கும்போது இம்மூடியைத் திறத்தல் ஆகாது. கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். ஹெட் கஸ்கட் பழுதும் இத்தகைய அடையாளங்களைத் தருவதுண்டு. எஞ்சின் ஓடும்போது றேடியேற்றரில் இடைவிடாது காற்றுக்குமிழ் எழுமாயின் முதலில் அதனையே சந்தேகிக்க வேண்டும்.

திருத்தும் முறை

1. எஞ்சின் ஆறியபின் றேடியேற்றர்த் தண்ணீரையும் ஒயிலையும் தனித்தனிப் பாத்திரங்களில் வடித்தெடுக்குக. பில்டரையும் டர்போவுக்குச் செல்லும் ஒயில் குழாயையும் கழற்றுக.

2. மூடியின் போல்டுகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்துக. நீளம் வேறுபடக்கூடுமாதலால், ஒரு கடதாசி மட்டையில் அவ்விடங்களைப் போலவே துளையிட்டு அவற்றைச் செருகி வைத்தல் நல்ல வழக்கம். மூடி இறுகியிருப்பின் மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டுக. திருப்புளியைச் செருகி நெம்பினால் பொருந்துமுகம் கீறுண்டு மீண்டும் கசியும்.

3. ஒயில் துவாரங்களைச் சுத்தமான துணியால் அடைத்தபின், பழைய கஸ்கட்டைத் தட்டையான சுரண்டியால் அகற்றுக. உப்புத்தாளும் சுழலும் தேய்ப்புத் தட்டும் வேண்டாம். அவற்றின் தூள் ஒயில் வழியே சென்று பெயரிங்குகளை அறுக்கும். வேலை முடிந்ததும் துணியை எடுக்க மறத்தலாகாது.

4. கூலரை டீசலாற் கழுவி உலர்த்துக. பின் அதன் துவாரங்களை அடைத்து, தயாரிப்பாளர் கூறும் அளவுக்குக் காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்க வேண்டும். ஒரு குமிழ் எழுந்தாலும் கூலரை மாற்றுவதே முறை. ஒட்டுப் போட்ட கூலர் மலைப்பாதையில் நிலைக்காது. புதிய கூலர் வாங்கினால், அதன் துவாரங்களில் அடைப்பான்கள் இருப்பின் அவற்றைக் கழற்றியபின்னரே பொருத்துக.

5. இரண்டு கஸ்கட்டுகளையும் புதிதாக இடுக. உறுதிக்கென்று சிலிக்கோன் பசையை அப்புதல் தவறு. பிதுங்கும் பசை உட்சென்று ஒயில் வழியை அடைத்துவிடும். போல்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, இரண்டு மூன்று சுற்றுகளாக ஒரே அளவில் இறுக்குக. மேற்சொன்ன கம்மின்ஸ் எஞ்சினுக்குரிய அளவு 24 நியூட்டன் மீற்றர், அதாவது ஏறத்தாழ 18 அடி இறாத்தல் ஆகும். பலங்கொண்டு முறுக்குவது கஸ்கட்டை நசுக்குவதன்றி வேறு பயன் தராது.

6. புதிய பில்டரில் சுத்தமான ஒயிலை நிரப்பிப் பூட்டுக. எஞ்சினிலும் புதிய ஒயிலை ஊற்றுக. றேடியேற்றரை மெதுவாக நிரப்பினாற் காற்று வெளியேறும். எஞ்சினை இயக்கியதும் ஒயில் அழுத்தமானியைக் கவனிக்குக. 15 செக்கனுக்குள் அழுத்தம் ஏறாவிடின் உடனே நிறுத்துக. முதற் பயணத்தின் பின் இரு மட்டங்களையும் மீண்டும் சரிபார்த்தல் வேண்டும்.

ஒயிலும் தண்ணீரும் முன்னரே கலந்திருப்பின், கூலரை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. றேடியேற்றரை அதற்கெனவுள்ள கழுவும் மருந்திட்டுத் தெளிந்த நீர் வரும்வரை கழுவுக. ஒயில் ஊறிப் பருத்து மென்மையான றப்பர்க் குழாய்களை மாற்றுக. தண்ணீர் புகுந்த ஒயிலையும் பில்டரையும் மாற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு மீண்டும் ஒருமுறை மாற்றுக. நெடுந்தூரம் அந்நிலையில் ஓடியிருந்தால் பெயரிங்குகளையும் மெக்கானிக்கிடம் காட்டுக. கசிவை அடைக்குமென றேடியேற்றரில் ஊற்றும் தூள்களும் திரவங்களும் இதற்கு மருந்தாகா. அவை றேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடக்கூடும்.

கழிவைக் கையாளுதல்

வடித்த ஒயிலை வாய்க்காலிலோ வரம்போரத்திலோ ஊற்றுதல் பெருந்தவறு. சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து வரும் நீர் ஒரு வயலோடு நிற்பதன்று. உங்கள் வாய்க்காலில் விழுந்த ஒயில் அயலவரின் பயிரையும் சென்றடையும். நீரின்மேற் படலமாய்ப் பரந்து, காற்று நீருட் செல்வதைத் தடுத்து, மீனுக்கும் பயிருக்கும் கேடு செய்யும். றேடியேற்றரில் இடும் கூலன்ட் பலவற்றில் எதிலீன் கிளைக்கோல் என்னும் நஞ்சு உண்டு. அது இனிப்பானதாகையால் ஆடு, மாடு, நாய் முதலியன அதனை விரும்பிக் குடித்து இறக்கக்கூடும். குழந்தைகளுக்கும் அது ஆபத்தானது. ஒயிலையும் கூலன்டையும் வெவ்வேறு கலன்களில் இறுக மூடி, கழிவு ஒயில் சேகரிக்கும் கராஜ் ஒன்றில் ஒப்படைக்குக.

வெட்டுத் தொடங்கியபின் கராஜுகளில் இடமுமில்லை, கமக்காரருக்கு ஓய்வுமில்லை. ஆதலால் நெற்பயிர் கதிர்தள்ளும் காலத்திலேயே லொறியின் பக்கத்தைக் கழுவித் துடைத்து ஒருமுறை பார்த்துக்கொள்க. அன்று செலவிடும் அரைநாள், அறுவடை நாளில் நெல் வீதியோரம் கிடந்து முளைகட்டாது காக்கும்.